துணியைத் தாண்டிப் போன கோடு

முதலில் பிள்ளைகள் சேதி. அதைச் சொல்லாமல் உனக்கு நான் என்றைக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்?

பெரியவன் மகனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. கம்ப்யூட்டர் வேலை. ஆனால் ஆபீசுக்குப் போவதில்லை, வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கிறான். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. என்னடா கோலம் இது என்றால், மேனேஜருக்கு மேல்பாதி மட்டும்தான் தெரியுமாம். சின்னவன் மகள் பல் டாக்டர் ஆகிவிட்டாள். போனிலேயே என்னை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அப்பத்தா, உங்களுக்குப் பாக்கி இருக்கறதெல்லாம் நல்ல பல்லு" என்றாள். மகள் வீட்டுப் பேரன் ஓட்டப் பந்தயத்தில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்து கோப்பையோடு நிற்கிறான். யாரைக் கொண்டு இவனுக்கு இந்தக் கால் என்று மகள் கேட்கிறாள். சாக்கோட்டைக் கண்மாய்க் கரையில் உன்னை முந்திக்கொண்டு ஓடியவள் நான்தான் என்று அவளுக்குச் சொன்னேன். நீ முந்திய நாட்களைச் சொல்லவில்லை.

கடைசியாகத் தேனு. பெரியவனின் மகள். உனக்கு அவள்மேல் தனிப் பிரியம் உண்டு. சென்னையில் ஓவியக் கல்லூரியில் கடைசி வருஷம். அவள் போட்ட படத்துக்குப் பரிசு கொடுத்து, பேப்பரிலும் போட்டார்கள். அந்தப் பேப்பரை வெட்டி சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்காதே. வெறும் கோடு. உன் ஜாதிதான் அவளும்.

நீ போய்ச் சேர்ந்த பிறகும் எனக்குக் கடிதத்தை வேறு மாதிரித் தொடங்கத் தெரியவில்லை. அஞ்சாம் வகுப்புவரைக்கும் படித்தவளுக்கு ஒரு மாதிரிதான் வரும்.

இன்றைக்கு இதை எழுத உட்கார வைத்தது ஒரு அந்துருண்டை வாசம். பாண்டியம்மாவிடம் பீரோவின் அடித்தட்டைத் திறக்கச் சொன்னேன். பாண்டியம்மா யார் என்று நீ கேட்பாய். எனக்கு இப்போது சமைத்துப் போட்டு, குளிக்க வைத்து, வெளியே போகும்போது கிரில் கதவைப் பூட்டிக்கொண்டு போகிறவள். அவள் எடுத்துக் கொடுத்தது நீ அனுப்பிய துணி. எட்டு முழ வேட்டி, நீளவாட்டில் கரிக்கோடுகள், அதன்மேல் வட்டம் வட்டமாக வெளுத்த தடங்கள். மடியில் போட்டதும் அந்துருண்டை வாசத்துக்கு அடியிலிருந்து லேசாகச் சீரக வாசம் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

தேனு இந்தத் துணியைக் கேட்கிறாள். கல்லூரியில் கண்காட்சி வைக்கிறார்களாம். சட்டம் போட்டு, கண்ணாடிக்குள் வைத்து, சுவரில் மாட்டுவாளாம். "அப்பத்தா, அவங்க வரைஞ்சதுல மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். இப்படியே மடிச்சு வச்சா கரி உதிர்ந்து ஒண்ணுமில்லாமப் போயிடும்" என்கிறாள். அவள் சொல்வது சரிதான். ஆனாலும் கண்ணாடி என்றதும் எனக்கு ஒப்பவில்லை. உன்னைக் கொடுப்பதா வேண்டாமா என்று இந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

கோடு என்றால் எனக்கு ஆரம்பத்திலிருந்தே உன் கைதான்.

நம் தெருவில் பங்குனி வெயிலுக்கு உங்கள் வீட்டு மொட்டைமாடியில் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து கூழ் வற்றல் பிழிவோம். ஒரே நீள வேட்டியை விரித்து, அடுப்புக்கரியால் கோடு கிழித்துவிடுவார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் வீட்டுப் பங்கு, அந்தப் பக்கம் உங்கள் வீட்டுப் பங்கு. காய்ந்தபிறகு சண்டை வரக் கூடாதல்லவா. குழலைப் பிடித்துப் பிழிய நம் இருவரையும் உட்கார வைப்பார்கள். எனக்குச் சுற்று அழகாக வரும். ஒரே அளவு, ஒரே வட்டம், முடிவு தெரியாது. நீ பிழிந்தால் கூழ் ஓடும். உன் கை போன போக்கில் வளைந்து, நெளிந்து, கரிக்கோட்டைத் தாண்டி எங்கள் பங்குக்குள் வந்துவிடும்.

உங்கள் அத்தை தலையில் குட்டுவார்கள். "ஏண்டி, வத்தல் பிழியச் சொன்னா கோழி கிண்டுன மாதிரி பண்ணி வச்சிருக்க. இத எவன் கட்டுவான்?"

"வத்தலயா, என்னயா?" என்பாய் நீ.

காய்ந்ததை டின்னில் போடும்போது யார் பிழிந்தது என்று கேட்கவே வேண்டியதில்லை. ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு ஓட்டம். என் அம்மா ஆத்திரத்தில் பிழிந்தால் வற்றல் தடித்திருக்கும். உன் அம்மா உடம்பு முடியாமல் இருந்த வருஷத்து வற்றல் இழை இழையாக, அங்கங்கே அறுந்து கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு நீதான் சொன்னாய், "எங்கம்மா எங்கெங்க மூச்சு வாங்குனாகன்னு இதுல தெரியுதுடி" என்று. அப்போது உனக்குத் தாவணி போட்டு ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. நான் அதைக் கேட்டுவிட்டு, அறுந்ததைத் தனியாகப் பொறுக்கி வைத்தேன், பொரிக்கும்போது கருகிவிடுமே என்று. நமக்குள் வித்தியாசம் அவ்வளவுதான்.

உன் வீட்டுக்காரர் போன பிறகு உன் மகன் உன்னைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அடுக்குமாடி வீடு. ஒருநாள் கறிவேப்பிலை வாங்கக் கீழே இறங்கியவள் திரும்ப வழி தெரியாமல் வேறு கட்டடத்தில் ஏறி, யார் வீட்டு வாசலிலோ உட்கார்ந்துவிட்டாய். அதை நீ போனில் சொன்ன அழகு இருக்கிறதே! "எல்லா வாசலும் ஒரே மாதிரி இருந்துச்சுடி. சரி, இதுவும் யார் பெத்த பிள்ளை வீடோன்னு உக்காந்துட்டேன். அந்தப் பொண்ணு காப்பி குடுத்துச்சு. எங்க வீட்டுக் காப்பியவிட நல்லாருந்துச்சு."

மறுநாளிலிருந்து பூட்டு. மகனும் மருமகளும் வேலைக்குப் போகும்போது வாசல் கிரில்லை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார்கள். உள்ளே மரக்கதவைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், காற்று வரும். அதற்கு மேல் போக முடியாது. கூடத்திலிருந்து கிரில்வரைக்கும் ஒடுக்கமாக ஒரு நடை, அதுதான் உன் உலகம்.

நான்கூட உனக்குச் சமாதானம் சொன்னேன். "பிள்ளைக நல்லதுக்குத்தான் செய்யும்டி. பொறுத்துக்க."

"என் நல்லதுக்குத்தான். இல்லங்கல. ஆனா என் நல்லதயும் சேத்துல்லடி உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போறாக" என்றாய்.

துணி வாங்க வருகிற இஸ்திரிக்காரர்தான் உனக்கு முதலில் கரி கொடுத்தவர். கிரில் கம்பி வழியாக நீ சேலையை நீட்டுவாய், அவர் ஒரு பொட்டலம் கரியை நீட்டுவார். எதுக்கும்மா கரி என்று அவர் கேட்டாராம். "பல்லு விளக்க" என்றாயாம். அந்த நடைச் சுவரில் பழைய வேட்டியை ஆணியடித்து மாட்டிக்கொண்டு நீ வரைய ஆரம்பித்தாய். உட்கார்ந்து, விரலால் வரைகிற வரைச்சல் இல்லை. நின்றுகொண்டு, தோளிலிருந்து. கரியைத் துணியில் ஊன்றிக்கொண்டு நடப்பாயாம். தரையெல்லாம் கரிப்பொடி என்று மருமகள் சத்தம் போடுவாள். "கூட்டித்தான விடுறேன், எனக்கு வேற என்ன சோலி?" என்று நீ கூட்டுவாய்.

இதெல்லாம் நடக்கும்போது நான் இங்கே காரைக்குடியிலிருந்து வழக்கம்போல எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் சேதியில் ஆரம்பித்து, கடைசி வரி, "முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் போடு. போனில் அனுப்பாதே, அது எங்கே போகிறதென்று எனக்குத் தெரியவில்லை." உன் பழைய போட்டோவில் நீ கல்யாணக் கோலத்தில் மிரண்டு போய் நிற்கிறாய். கிழவியான பிறகு எப்படி இருக்கிறாய் என்று பார்க்க ஆசைப்பட்டேன், அது தப்பா? தபாலும் வரும். உள்ளே போட்டோவும் இருக்கும். ஆனால் அதில் நீ இருக்க மாட்டாய். வெள்ளைத் துணியில் கறுப்புக் கோடு. பின்பக்கம் உன் கையெழுத்தில் "நான்தான்" என்று இருக்கும்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போன் போட்டுத் திட்டினேன். "நான் உன் மூஞ்சியக் கேட்டா, நீ கரித்துணியப் படம் புடிச்சு அனுப்புற. இது என்ன, பாம்பா, கொடியா, ரோடா?"

"என்ன வரைஞ்சேன்னு கேக்காதடி. கை எப்படிப் போயிருக்குன்னு பாரு."

"போயிருக்கு போ, போக்கத்த கை."

நீ சிரித்தாய். உங்கள் கட்டடத்தில் யாரோ ஒரு அம்மாள்கூட நின்று பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார்களாம். நடந்து போறது என்று நீ சொன்னாயாம். எங்கே நடந்து போறது என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லையாம். அந்த அம்மாளுக்குச் சொல்லாததை எனக்காவது சொல்லியிருக்கலாம். நானும் கேட்கவில்லை.

அப்புறம்தான் அந்தப் பார்சல். ஒரு பங்குனியில் கூரியர்காரர் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்தால் எட்டு முழ வேட்டி, அதில் கரிக்கோடு. அன்றைக்கு அடுப்பில் கூழ் கொதித்துக்கொண்டிருக்கிறது, மாடியில் வெயில் பிளக்கிறது. வேறு என்னவென்று நினைப்பேன்? அடடா, இந்த வருஷம் வற்றல் பிழியப் பழைய ஞாபகத்தில் பங்கு பிரித்துத் துணி அனுப்பியிருக்கிறாள், கோடு மட்டும் வழக்கம்போலக் கோணல் என்று நினைத்துக்கொண்டேன். மாடிக்கு எடுத்துப் போய் விரித்து, உன் கோட்டுக்குக் கோடு இடம் பார்த்து, கூழைப் பிழிந்து நிரப்பிவிட்டேன். காய்ந்ததும் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தால், வற்றலோடு கரியும் சேர்ந்து வருகிறது. வெள்ளை வற்றலில் கறுப்பு நரம்பு மாதிரி. எண்ணெயில் போட்டால் நரம்பும் சேர்ந்து பொரிந்தது.

சாயங்காலம் உன் போன். "பாத்தியாடி? எப்படி இருக்கு?"

"நல்லா மொறுமொறுன்னு இருக்கு. சீரகம் கொஞ்சம் தூக்கல்."

நீ மெதுவாகக் கேட்டாய், "என்னடி பண்ணுன?"

சொன்னேன். மூச்சு விட்டுவிட்டு வருகிற சத்தம் கேட்டது. அழுகிறாயோ என்று பயந்தேன். பார்த்தால் சிரிக்கிறாய். இருமல் வருகிறவரைக்கும் சிரித்தாய். "அடிப் பாதகத்தி! மாசக்கணக்கா வரைஞ்சத பொரிச்சுத் தின்னுட்டியா? உங்க வீட்டுல எல்லாரும் தின்னாகளா?"

"மருமகனுக்கு ரெண்டாந்தரம் வச்சேன்."

"நல்லதாப் போச்சு. இங்க இருந்து எந்தக் கோடாவது ஒரு மனுசன் வயித்துக்குள்ளயாவது போயி, வெளிய நடமாடட்டும்."

அந்தக் கடைசி வார்த்தையை நான் அன்றைக்குக் காதில் வாங்கவில்லை. சிரிப்புச் சத்தத்தில் போய்விட்டது. துணியைத் துவைக்காமல் மடித்து வைத்தேன். உன் கோடு மங்கலாகவும் என் வட்டம் வெளுப்பாகவும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தது. அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது, ஏன் என்று கேட்டால் தெரியாது.

நீ போன அன்றைக்கு என்னால் வர முடியவில்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் பிளேட் வைத்திருந்தார்கள். உங்கள் சொந்தக்காரப் பையன் போனில் வீடியோ போட்டுக் காட்டினான். உன் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு வருஷம் கேட்டு நீ அனுப்பாத முகம். மூக்குத்தியைக் கழற்றியிருந்தார்கள். அப்புறம் உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்போது அந்தப் பையன் போனைப் பிடித்தபடி பின்னாலேயே வந்தான். கிரில் கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்திருந்தது. அதைத் தாண்டி வெளிச் சுவரில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. பீரோ ஏற்றும்போது உரசிய தடமாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் சுவரைப் பார்க்கிற புத்தி பார் எனக்கு.

நீ வரைந்த மற்றத் துணிகளெல்லாம் எங்கே என்று தேனு போய்க் கேட்டாள். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது தரையில் விரிக்க எடுத்துக்கொண்டார்களாம். அவர்களைக் குறை சொல்லி என்ன? நான் வற்றல் பிழிந்தவள்.

இப்போது என் கதையைக் கேள்.

கூடத்து மூலையில் உச்சியில், வாசல் நடையும் தெரிகிற மாதிரி ஒரு கேமரா. கோயம்புத்தூரில் இருக்கிற பெரியவன் போனில் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பான். பார்ப்பது மட்டுமில்லை, அதிலிருந்து குரலும் வரும். நான் வாக்கரைப் பிடித்து எழுந்தால் போதும், "அம்மா, எந்திரிக்காதீக. எதுக்கு இப்ப எந்திரிக்கிறீக?" என்று உத்தரத்திலிருந்து அசரீரி மாதிரிப் பேசுவான். மாடிப்படிக் கதவுக்குப் பூட்டு. வாசல் கிரில்லுக்குப் பூட்டு. பாண்டியம்மா காலையில் வந்து, மதியம் போய், மறுபடி சாயங்காலம் வருவாள். நடுவில் நானும் கேமராவும்.

சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்று பாண்டியம்மாவிடம் ஒருநாள் கேட்டேன். அவள் கேமராவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள். "அண்ணன் என்னயும்ல பாக்குறாக, அப்பத்தா. ஒங்களுக்காச்சும் மகன். எனக்கு வேல போயிரும்."

பெரியவனிடமே கேட்டேன். வாசல்படிவரைக்கும் போய் நின்றுவிட்டு வருகிறேன்டா, தெருவைப் பார்த்து நாளாச்சு என்றேன். "விழுந்துட்டா யாரும்மா தூக்குறது? ஒங்க நல்லதுக்குத்தான சொல்றேன்" என்றான். அவன் குரலில் அன்பு இருந்தது. அதுதான் கஷ்டமே. கோபமாகப் பேசினால் நானும் சண்டை போட்டிருப்பேன். அன்போடு பூட்டினால் அதை எப்படித் தட்டுவது? நாற்காலியில் உட்கார்ந்தேன். முற்றத்துக் கம்பி வலையின் நிழல் கட்டம் கட்டமாக என் மடியில் விழுந்தது. மதியம்வரைக்கும் அது நகருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டினால் நாள் எவ்வளவு நீளம் என்று நீ எனக்குச் சொல்லவே இல்லை. இல்லை, சொன்னாய். போட்டோ போட்டோவாக அனுப்பினாய்.

முந்தாநாள் அந்தத் துணியைப் பாண்டியம்மாவை விட்டு வாசல் நடையின் சுவரில் மாட்டச் சொன்னேன். தேனுவிடம் கொடுப்பதற்கு முன்னால் ஒருதரம் முழுசாகப் பார்த்துவிடலாம் என்றுதான். பாண்டியம்மா போனபிறகு வாக்கரோடு நடைக்கு வந்து, உன் ஒரு கோட்டில் விரலை வைத்தேன். என் கண் இப்போது மங்கல், விரல்தான் தெளிவு. கோட்டோடு விரலை வைத்துக்கொண்டு, வாக்கரைத் தள்ளித் தள்ளி நடந்தேன். கோடு முதலில் மெதுவாகப் போகிறது. அப்புறம் வேகம் எடுக்கிறது, கரி அழுத்தமாக விழுந்திருக்கிறது. துணி முடிவதற்கு ஒரு சாண் இருக்கும்போது சடக்கென்று திரும்புகிறது. திரும்பி வரும்போது அழுத்தம் இல்லை, இழை இழையாகிறது. உன் அம்மாவின் வற்றல் மாதிரி. அடுத்த கோட்டில் விரலை வைத்தேன். அதுவும் போய், அதே இடத்தில் திரும்பியது. அடுத்ததும் அங்கேதான்.

நான் அதை ஓரம் விட்டிருக்கிறாய் என்று நினைத்திருந்தேன், கடிதத்தில் விடுகிற மாதிரி. இல்லையடி. அங்கே கிரில் இருந்திருக்கிறது. நீ நடந்து போய், உன் முழங்கை கம்பியில் முட்டி, திரும்பியிருக்கிறாய். ஒவ்வொரு நாளும். எங்கே நடந்து போறது என்று கேட்டதற்கு நீ ஏன் வாய் திறக்கவில்லை என்று எனக்கு அந்த நடையில் நின்றபோதுதான் விளங்கியது. எங்கேயும் இல்லை. சுவருக்கும் கம்பிக்கும்.

வாக்கரில் சாய்ந்துகொண்டு அழுதேன். அழுதபடியே கடைசிக் கோட்டையும் தொட்டுவிடலாம் என்று விரலை வைத்தேன். எல்லாவற்றுக்கும் அடியில், என் வற்றல் வட்டம் படாமல் தப்பித்த ஒரே கோடு. அதுவும் மற்றதைப் போலவே கிளம்பியது, வேகம் எடுத்தது, அந்த ஒரு சாண் இடத்துக்கு வந்தது. திரும்பவில்லை. துணியின் ஓரத்துக்குப் போய், தையலையும் தாண்டி, போய்விட்டது. என் விரல் துணியை விட்டிறங்கி வெறும் சுவரில் நின்றது.

அந்த வெளிச் சுவர் ஞாபகம் வந்தது. பீரோ உரசிய தடம் இல்லை அது. கம்பிக்கு நடுவே கையை விட்டிருக்கிறாய். கையின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம் வெளியே வரைந்திருக்கிறாய். வீடியோவில் நான் பார்த்தது உன் கை நீளம்.

நேற்றுப் பாண்டியம்மாவை அனுப்பித் தெருமுனை இஸ்திரி வண்டியில் கொஞ்சம் கரி வாங்கி வரச் சொன்னேன். எதுக்கு என்றாள். பல் விளக்க என்றேன். "இருக்கறதே நாலு பல்லு" என்று முணுமுணுத்துக்கொண்டே போய் வாங்கி வந்தாள்.

அவள் பூட்டிக்கொண்டு போனபிறகு, உன் கோடு துணியை விட்ட இடத்தில் கரியை வைத்தேன். ஒரு கையில் வாக்கர், ஒரு கையில் கரி. என் கைக்கு வட்டம்தான் பழக்கம், நேராகப் போகத் தெரியவில்லை. நடுங்கியது, அறுந்தது. வாக்கரை ஒரு அடி தள்ளி, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி கோடு. சுவரைப் பார்த்தால் நான் எங்கெங்கே நின்றேன் என்று எண்ணிச் சொல்லிவிடலாம். கிரில் வந்தது. முழங்கை முட்டியது.

கம்பி வழியாகக் கையை விட்டேன். வெளியே வெயில், கையில் சுள்ளென்று விழுந்தது. வெளிச் சுவரில், எட்டுகிற மட்டும் வரைந்தேன். அப்புறம் கரியைக் கீழே போட்டுவிட்டுக் கையை அப்படியே வெளியே விட்டுக்கொண்டு நின்றேன். காற்று விரல் நடுவில் போனது.

கேமரா கத்தியது. "அம்மா! நடையில என்ன பண்றீக? சுவரெல்லாம் என்ன அது கரி?"

"நடந்துக்கிட்டு இருக்கேன்டா. நீதான் டாக்டர் நடக்கச் சொன்னாருன்னு சொன்ன."

"அது சரி... ஒங்க கை எங்க? அம்மா, வலது கையக் காணமே, எங்குட்டுப் போச்சு?"

அவனுடைய கேமராவுக்குக் கிரில்லுக்கு வெளியே தெரியாது. கொஞ்ச நேரம் அவன் தேடட்டும் என்று விட்டுவிட்டேன்.

பூட்டு இன்னும் பூட்டாகத்தான் இருக்கிறது. இன்று காலையில்கூடச் சாவி கேட்டேன், யோசிக்கிறேன் என்றான். யோசிக்கட்டும். தேனு போன் பண்ணினாள். அவள் அப்பா போனில் அனுப்பிய அந்த நேரத்துக் கேமராப் படத்தைப் பார்த்துவிட்டு, அதை அப்படியே எடுத்துத் தனக்கு வைத்துக்கொண்டாளாம். துணியைப் பற்றி மறுபடி கேட்டாள். கொடுக்கிறேன், ஆனால் சட்டமும் கூடாது, கண்ணாடியும் கூடாது என்றேன்.

"கரி உதிரும் அப்பத்தா."

"உதிரட்டும். ஒரு வாசலுக்குப் பக்கத்துல மாட்டு. அந்தக் கோடு வெளியேறுற ஓரம் வாசலப் பாத்து இருக்கணும். பக்கத்துச் சுவர வெறுமன விட்டுரு. அவ போறதுக்கு இடம் வேணும்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி அப்பத்தா, கதவில்லாத வாசலாப் பாக்குறேன்" என்றாள். கெட்டிக்காரி. என் பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை.

அவள் எடுத்து வைத்த படத்தைக் கடையில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு இங்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதில் என் முதுகுதான் இருக்கிறதாம், நரைத்த கொண்டை, வாக்கர், கம்பி. வலது கை தோளோடு முடிந்துவிட்டதாம். பின்பக்கம் "நான்தான்" என்று எழுதி, உன் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறேன்.

சரி, வழக்கமான கடைசி வரி. நீ இப்போது இருக்கிற இடத்தில் தபால் உண்டோ இல்லையோ, கேட்காமல் முடித்தால் இது நான் எழுதிய கடிதமாக இருக்காது. புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. முகம் தெரிய வேண்டியதில்லை. கை வெளியே இருந்தால் போதும்.